வாந்திக்கு இஞ்சி, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி!

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்பவர்கள் வீட்டு வைத்தியம் செய்து கொள்ளலாமா? எது உதவும்? எது ஆபத்து?

வேலூரில் இருந்து அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாகத் தெற்கே போனால், சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரம் வரும். அங்கே இருப்பதுதான் அமிர்தி.

காடு, காட்டுக்குள் ஆறு, மழைக்காலத்தில் அருவி, 1967-ம் ஆண்டில் ஏற்பட்ட சிறு மிருகக்காட்சி சாலை. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் வந்து இறங்குவார்கள்.

அமிர்திக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது மூலிகைகள் வளரும் காடு. "அமிர்தி மலை மூலிகை" என்றால் சுற்று வட்டாரத்தில் தனி மதிப்பு.

அந்தக் காட்டுக்குச் சற்று தூரத்தில்தான், உலகம் அறிந்த ஆஸ்பத்திரியும் இருக்கிறது. 1900-ம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1986-ம் ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்த இடம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துத் தோல் தொழிலாளிகளும் அங்கு வருகிறார்கள். வங்காளத்தில் இருந்து ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிறவர்களும் வருகிறார்கள்.

ஒரு பக்கம் மூலிகைக் காடு. மறு பக்கம் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவே புற்றுநோயாளி. அவர் எந்தப் பக்கம் போவது? இரண்டு பக்கமும் போகலாமா?

மருந்து படுத்தும் பாடு

புற்றுநோய்க்கு ஆபரேஷன் உண்டு, கதிர்வீச்சு உண்டு, மருந்தும் உண்டு. இந்த மருந்து சிகிச்சையைத்தான் "கீமோதெரபி" என்கிறார்கள். பெரும்பாலும் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை, பல மாதங்கள் இது நடக்கும்.

புற்றுநோய் அணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடி அழிப்பதுதான் இந்த மருந்துகளில் பலவற்றின் வேலை. ஆனால் நம் உடம்பில் நல்ல அணுக்களிலும் வேகமாகப் பெருகுபவை இருக்கின்றன. முடியின் வேர், வாயின் உட்புறத் தோல், குடலின் உட்புறம், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை ஆகியவை அப்படிப்பட்டவை. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அவற்றையும் தாக்குகிறது.

அதனால்தான் முடி கொட்டுகிறது. வாய் புண்ணாகிறது. குமட்டலும் வாந்தியும் வருகின்றன. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. சில மருந்துகள் நரம்பைத் தாக்கி, கை கால் விரல்களை மரத்துப் போகச் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, படுத்தால் எழுந்திருக்க முடியாத சோர்வு!

"ஒரு வாய் கஞ்சியாவது குடிம்மா."

"வேணாம் அக்கா. வாசனையே பிடிக்கல."

இந்தப் பேச்சு கேட்காத நோயாளி வீடு இல்லை. அப்போது பக்கத்து வீட்டுக்காரி வருவாள். "எங்க நாத்தனாருக்கும் இதே சீக்குதான். மலையில இருந்து வேர் கொண்டாந்து கஷாயம் வெச்சுக் குடுத்தோம். எழுந்து உட்கார்ந்துட்டா!" என்பாள். கேட்கிறவர்களுக்கு ஆசை பிறக்கும். பிறக்கத்தானே செய்யும்?

மறுநாள் அடுப்பில் கஷாயம் கொதிக்கும். ஆனால் டாக்டரிடம் யாரும் மூச்சு விட மாட்டார்கள். "சொன்னால் திட்டுவார்" என்று பயம். அந்தக் கஷாயத்தை விட, அதை ஒளித்துக் குடிப்பதுதான் பெரிய ஆபத்து. ஏன் என்று பார்க்கலாம்.

சுடுகாட்டுப் பூ தந்த மருந்து

மூலிகைக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பகை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை அது அல்ல.

நித்திய கல்யாணி என்று ஒரு செடி. ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தண்ணீர் இல்லாத தரிசிலும் தானாக முளைக்கும். 1952-ம் ஆண்டில் ஜமைக்கா தீவில் இருந்து இந்தச் செடியின் இலைகள் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானிக்குப் போய்ச் சேர்ந்தன. நீரிழிவுக்கு அந்த இலையை ஜமைக்காவில் பயன்படுத்தி வந்தார்கள். அது உண்மைதானா என்று பார்க்க எலிகளுக்குக் கொடுத்தார்.

சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன! ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுகின்றன அல்லவா? நோபிளும் அவருடைய தோழர் சார்லஸ் பீரும் அந்த வழியில் ஆராய்ந்தார்கள். "வின்பிளாஸ்டின்" என்ற மருந்து கிடைத்தது. அமெரிக்க மருந்து நிறுவன விஞ்ஞானிகள் அதே செடியில் இருந்து "வின்கிறிஸ்டின்" மருந்தையும் பிரித்தார்கள். அது 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் முக்கியமான மருந்து அதுதான்.

ஆக, காடு கொடுத்ததைத்தான் ஆஸ்பத்திரியும் கொடுக்கிறது. வித்தியாசம் என்ன? அளவு! ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தையும் நோயாளியின் உடல் அளவுக்குக் கணக்குப் பார்த்து, மில்லிகிராம் சுத்தமாக ஏற்றுகிறார்கள். அந்தச் செடியையே பிடுங்கிக் கஷாயம் வைத்தால், எவ்வளவு விஷம் உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

மூலிகை என்றால் தீங்கு செய்யாது என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும் எந்தப் பொருளும் தீங்கும் செய்யக்கூடும் என்பதற்கு நித்திய கல்யாணியே சாட்சி.

இஞ்சி என்ன செய்யும்?

இனி, உதவக் கூடியவற்றைப் பார்ப்போம். முதலில் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் இஞ்சி.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். எலும்புப் புற்றுநோய் கண்ட சிறுவர்களும் இளைஞர்களும் சோதனையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஏற்றியது கடுமையாக வாந்தி வரவழைக்கும் மருந்து. எல்லோருக்கும் வழக்கமான வாந்தி மாத்திரை உண்டு. அதோடு சிலருக்கு இஞ்சித் தூள் அடைத்த குளிகை. மற்றவர்களுக்கு வெறும் குளிகை.

வெறும் குளிகை சாப்பிட்டவர்களுக்கு, 30 தடவை மருந்து ஏற்றியதில் 28 தடவை கடும் குமட்டலோ நடுத்தரக் குமட்டலோ வந்தது. இஞ்சி சாப்பிட்டவர்களுக்கு 27-ல் 15 தடவைதான் அப்படி வந்தது.

அமெரிக்காவிலும் 576 நோயாளிகளிடம் சோதித்தார்கள். நாள் ஒன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி சாப்பிட்டவர்களுக்கு, மருந்து ஏற்றிய முதல் நாள் குமட்டல் குறைந்தது. இந்த முடிவு 2012-ல் வெளிவந்தது. பலன் தெரியாத சோதனைகளும் உண்டு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்லியிலும் அமெரிக்காவிலும் டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை. இஞ்சி அதற்குத் துணை. அதற்கு மாற்று அல்ல. ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இஞ்சியை மருந்து போல அதிகமாகச் சாப்பிடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். சமையலில் சேர்க்கும் இஞ்சிக்குப் பயப்பட வேண்டியது இல்லை.

மணிக்கட்டில் மூன்று விரல்

உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கட்டு ரேகையில் இருந்து மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே ஓர் இடம். அங்கே அழுத்தினால் குமட்டல் அடங்கும் என்பது சீன வைத்தியம்.

அக்குபங்சர் ஊசியால் வாந்தி குறைகிறது என்று 1997-ல் அமெரிக்க அரசு கூட்டிய நிபுணர் குழு ஒப்புக் கொண்டது. ஆனால் ஊசிக்குப் பதிலாகப் பட்டை கட்டிப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. பிரிட்டனில் 500 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. சரியான பட்டை கட்டியவர்களுக்கும், சும்மா ஒப்புக்குப் பட்டை கட்டியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

விரலால் அழுத்திப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. காசும் செலவில்லை. ஆனால் ஊசி குத்திக் கொள்வது வேறு விஷயம். தட்டணுக்கள் குறைந்த உடம்பில் ரத்தம் கசியும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி புகும். டாக்டர் சம்மதம் இல்லாமல் ஊசி கூடாது.

ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதுமே...

விசித்திரமான வாந்தி ஒன்று இருக்கிறது. மருந்து இன்னும் ஏற்றவே இல்லை. பஸ் அடுக்கம்பாறையைத் தாண்டி வேலூரை நெருங்குகிறது. அதற்குள்ளாகவே வயிற்றைப் புரட்டுகிறது! சிலருக்கு நர்ஸின் வெள்ளை உடையைப் பார்த்தாலே குமட்டும். சிலருக்கு டெட்டால் வாசனை போதும்.

இது நடிப்பு அல்ல. முன்பு பட்ட வேதனையை மூளை நினைவு வைத்துக் கொண்டு, முன்கூட்டியே உடம்பைத் தயார் செய்கிறது. இதற்கு வாந்தி மாத்திரை அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. மனதை அமைதிப்படுத்தும் வழிகள்தான் கைகொடுக்கின்றன.

பெங்களூரில் மார்பகப் புற்றுநோய் கண்ட 62 பெண்களிடம் யோகப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. மூச்சுப் பயிற்சியும் ஆசனங்களும் தியானமும் செய்தவர்களுக்கு, மருந்துக்குப் பின் வரும் குமட்டல் குறைந்தது. மருந்துக்கு முன்னாலேயே வரும் குமட்டலும் குறைந்தது. மனப் பதற்றமும் குறைந்தது.

தலைகீழாக நிற்க வேண்டியது இல்லை! நிதானமாக மூச்சை இழுத்து விடுவதும், உடம்பைத் தளர்த்திப் படுப்பதுமே நோயாளிக்குப் போதும்.

ஐஸ் கட்டியும் உப்புத் தண்ணீரும்

வாய்ப் புண்ணுக்கு மிகச் சுலபமான வழி ஒன்றை 1991-ல் அமெரிக்க டாக்டர்கள் நிரூபித்தார்கள். "ஃபுளூரோயுராசில்" என்ற மருந்தை ஒரே மூச்சில் ஏற்றும்போது, அதற்கு 5 நிமிடம் முன்பு தொடங்கி அரை மணி நேரம் வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக் கொள்ள வேண்டும். குளிர்ச்சியில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மருந்து அங்கே குறைவாகப் போகும். புண்ணும் குறையும்.

ஆனால் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. "ஆக்சாலிபிளாட்டின்" என்ற மருந்து ஏற்றியவர்களுக்கு, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தொண்டை அடைப்பது போல் ஆகிவிடும். ஆகவே உங்களுக்கு எந்த மருந்து ஏற்றுகிறார்கள் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே ஐஸ் கட்டி.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிறு கரண்டி உப்பும் ஒரு சிறு கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து, நாளைக்கு நான்கைந்து தடவை வாய் கொப்பளிக்கலாம். இது யாருக்கும் தீங்கு செய்யாது.

சோர்வுக்கு என்ன செய்வது? "படுத்தே இரு" என்பார்கள் உறவினர்கள். அது அன்புதான். ஆனால் நோயாளி எழுந்து சிறிது நடப்பதே நல்ல மருந்து என்று பல சோதனைகள் காட்டுகின்றன. வெயில் தாழ்ந்த பிறகு தெருக்கோடி வரை போய் வந்தாலும் போதும். டாக்டரைக் கேட்டு, முடிந்த அளவு நடக்க வேண்டும்.

அமிர்தவல்லியின் மறுபக்கம்

இனி ஆபத்தானவை.

சீந்தில் கொடிக்குச் சித்த வைத்தியத்தில் அமிர்தவல்லி என்று பெயர். உடம்பைத் தேற்றும் என்று போற்றப்பட்ட கொடி. கொரோனா காலத்தில் நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் கொதித்தது. 2020 கடைசியில் பம்பாய் டாக்டர்கள், சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் வீக்கம் கண்டிருப்பதைப் பார்த்து எழுதினார்கள். மத்திய அரசின் ஆயுஷ் துறை அதை மறுத்தது. "சரியான சீந்திலில் ஆபத்து இல்லை. அதைப் போலவே இருக்கும் வேறு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம்" என்று சொன்னது.

இரண்டில் எது சரியாக இருந்தாலும் புற்றுநோயாளிக்குப் பாடம் ஒன்றுதான். அவருக்கு ஏற்றும் மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அந்த ஈரலுக்கு வேறு ஒரு சுமை ஏறினால், மருந்து உடம்பிலேயே தங்கி விஷமாகும். ரத்தச் சோதனையில் ஈரல் கெட்டிருப்பது தெரிந்தால், டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். கஷாயம் குடித்தது அவருக்குத் தெரியாது. "மருந்து ஒத்துக் கொள்ளவில்லை" என்று முடிவு கட்டுவார். நோயைக் குணமாக்கி இருக்கக்கூடிய மருந்து கைநழுவிப் போகும்! ஒளித்துக் குடிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

மலைத் தேன் நல்லதுதானே என்று கேட்கலாம். காய்ச்சாத தேனில் கிருமிகளின் வித்துக்கள் இருக்கக்கூடும். நல்ல உடம்பு அதைச் சமாளிக்கும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்புக்கு அந்தச் சக்தி இல்லை. பச்சை இலைச் சாறுகளும் அப்படியே. தட்டணுக்கள் ஏற வேண்டும் என்று பப்பாளி இலைச் சாறு குடிக்கிறார்கள். அந்தச் சாற்றைப் பெரும்பாலும் டெங்கு காய்ச்சலில்தான் சோதித்திருக்கிறார்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறைவதற்கும், மருந்தினால் எலும்பு மஜ்ஜை ஓய்ந்து குறைவதற்கும் காரணம் வேறு.

மூலிகை மட்டும் அல்ல; மருந்துக் கடை "சத்து மாத்திரை"யும் அப்படியே. விரல் மரத்துப் போகாமல் இருக்க "அசிட்டைல் கார்னிடின்" என்ற சத்துப் பொருளை அமெரிக்காவில் 409 பெண்களிடம் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு மரமரப்பு குறையவில்லை, அதிகமாகி இருந்தது!

காய்ச்சல் வந்தால்...

இந்தக் கட்டுரையில் மற்றது எல்லாம் மறந்து போனாலும், இதை மட்டும் மறக்க வேண்டாம்.

மருந்து ஏற்றிய 7-ம் நாளில் இருந்து 14-ம் நாள் வரை, பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து இருக்கும். கிருமிகளோடு போராடும் சேனை அதுதான். சேனை இல்லாத கோட்டைக்குள் எதிரி புகுந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

வீட்டில் காய்ச்சல் மானி ஒன்று வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. கஷாயம் வைத்துக் கொண்டு இருக்கக் கூடாது. நிலவேம்பு வேண்டாம். மிளகு ரசம் வேண்டாம். காய்ச்சல் மாத்திரையைப் போட்டு விட்டு "காலையில் பார்க்கலாம்" என்று படுக்கவும் வேண்டாம். இரவு 12 மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும், "கீமோ மருந்து ஏற்றி இருக்கிறோம், காய்ச்சல் வந்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி ஊசி ஏற வேண்டும் என்பது வைத்திய விதி.

அமிர்தி போன்ற அடிவாரக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ராத்திரியில் பஸ் கிடையாது. ஆகவே எந்த வண்டி, யார் துணை, கையில் எவ்வளவு பணம் என்பதை மருந்து ஏற்றி வந்த அன்றே முடிவு செய்து வைக்க வேண்டும். 108 ஆம்புலன்சைக் கூப்பிடலாம்.

துணையா? மாற்றா?

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். பரவாத நிலையில் புற்றுநோய் கண்ட 281 பேர், ஆஸ்பத்திரி சிகிச்சையை அடியோடு விட்டு விட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்து கொண்டவர்கள். ஆஸ்பத்திரி சிகிச்சை பெற்றவர்களோடு அவர்களை ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியம் மட்டும் செய்தவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு! மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்! 2018-ல் அச்சான கணக்கு இது.

குமட்டலைத் தாங்க முடியாமல்தான் பலர் மருந்தைப் பாதியில் விடுகிறார்கள். வாந்தியை அடக்கும் மருந்துகள் முன்பைப் போல் இல்லை. 1990-களில் வந்த "ஆன்டான்செட்ரான்" பெரிய மாறுதலைச் செய்தது. அதற்குப் பிறகும் புதியவை வந்திருக்கின்றன. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் இன்னொன்று இருக்கிறது. "ஐயா, போன தடவை மூன்று நாள் வாந்தி எடுத்தேன்" என்று டாக்டரிடம் வாய் திறந்து சொன்னால்தான் அவர் மாற்றிக் கொடுப்பார். "இது எல்லாம் சகஜம்" என்று பொறுத்துக் கொண்டு, பிறகு மருந்தையே விட்டு விடுவது மோசமான வழி.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு காகிதம் எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிடும் கஷாயம், லேகியம், சூரணம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டிலும் பொட்டலமும் இருந்தால் அவற்றையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள். சித்த வைத்தியரைப் பார்க்கிறீர்கள் என்றால், ஏற்றும் மருந்தின் பெயரை அவருக்கும் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. படித்த சித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். சந்தையில் வேர் விற்பவரைக் கேட்பதை விட, அவர்களைக் கேட்பது மேல்.

டாக்டர் இரண்டு வார்த்தை கடிந்து பேசினாலும் பேசட்டும். பட்டியலைப் படித்துப் பார்த்து, "இஞ்சி சாப்பிடுங்கள், சீந்திலை மட்டும் சிகிச்சை முடிகிற வரைக்கும் நிறுத்துங்கள்" என்று அவர் சொன்னால், அந்த ஒரு வார்த்தை ஓர் ஈரலைக் காப்பாற்றும். ஓர் உயிரையும் காப்பாற்றும்.